ஒளிரும் நத்தையைத் தேடிப் போனதில் 412 சிங்கப்பூர் வெள்ளி போனது

எங்கள் வீட்டில் இப்போது "நத்தை" என்று யாராவது சொன்னால் கணவர் சிரிப்பார், மகன் என் காலைப் பார்ப்பான். போன டிசம்பரில் சிங்கப்பூரின் புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதிக்குத் தனியாகப் போனேன். தேடிப் போன நத்தையில் ஒன்றைக்கூடப் பார்க்காமல், பையைக் குரங்கிடம் கொடுத்துவிட்டு, கணுக்கால் வீங்கி, தெப்பமாக நனைந்து, இருட்டில் அழுதுகொண்டே இறங்கி வந்தேன். இதில் பாதியை யாராவது முன்பே சொல்லியிருந்தால் நடந்தே இருக்காது. சொல்ல ஆளில்லை, நானும் யாரிடமும் கேட்கவில்லை. அதனால்தான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

ஆரம்பித்து வைத்தது என் மகன். வயது எட்டு. நூலகத்திலிருந்து எடுத்து வந்த புத்தகத்தில், சிங்கப்பூரில் ஒளிவிடும் நத்தை ஒன்று இருக்கிறது என்று படித்துவிட்டான். மின்மினி மாதிரி, ஆனால் நத்தை. நான் நம்பவில்லை. தேடிப் பார்த்தால் உண்மைதான். குவாண்டுலா ஸ்ட்ரியாட்டா என்று பெயர். ஜப்பானியர் இந்தத் தீவை ஆண்ட காலத்தில் யாதா ஹனேதா என்ற ஜப்பானிய அறிவியலாளர் இங்கேதான் அது ஒளிர்வதைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு, உலகத்திலேயே ஒளிரும் தரை நத்தை இது ஒன்றுதான் என்று இருந்தது. 2023ல்தான் தாய்லாந்தில் வேறு சில நத்தைகளும் ஒளிர்வது தெரிய வந்தது. பன்னிரண்டு வருடமாக இந்த ஊரில் குடியிருக்கிறேன், இது எனக்குத் தெரியாது. "அம்மா படம் எடுத்துட்டு வரேன்" என்று அவனிடம் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், பிள்ளையிடம் சொன்ன பிறகு பின்வாங்க முடியுமா.

சரி, அபூர்வமான நத்தை என்றால் அபூர்வமான காட்டில்தானே இருக்கும். இப்படித்தான் நினைத்தேன். எல்லாத் தப்புக்கும் அடிப்படை இந்த ஒரு நினைப்பு. புக்கிட் தீமா என்றால் சின்ன இடமில்லை. 163 ஹெக்டர், அதற்குள் இன்னும் வெட்டப்படாத பழைய காடு. 1854ல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் சிங்கப்பூர் வந்தபோது ஏறக்குறைய 700 வகை வண்டு பிடித்தார், அதில் பெரும்பாலானவை இந்தக் குன்றுப் பக்கம் கிடைத்தவை. 700 வண்டு கிடைத்த இடத்தில் எனக்கு ஒரு நத்தை கிடைக்காதா என்ன?

கணவருக்கு அன்று வேலை, மகனை அவன் நண்பன் வீட்டில் விட்டாயிற்று. சனிக்கிழமை மூன்றரை மணிக்கு பியூட்டி வேர்ல்ட் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி நடந்தேன். தோளில் துணிப்பை. அதற்குள் ஒரு பிளாஸ்டிக் பையில், தெக்கா சந்தையில் வாங்கிய முறுக்கு, கைப்பேசியில் மாட்டும் நெருக்கப்பட லென்ஸ், பவர் பேங்க் மூன்றும் ஒன்றாக. டார்ச் இடுப்பில். காலில் தேய்ந்துபோன ஓட்டக் காலணி. மழை அங்கி இல்லை, பன்னிரண்டு வெள்ளிக்கு ஒரு மடக்குக் குடை வாங்கி வைத்திருந்தேன். டிசம்பரில், வடகிழக்குப் பருவமழை நேரத்தில், பிற்பகலில், மரம் அடர்ந்த குன்றுக்கு மடக்குக் குடை! இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

உச்சி 163.63 மீட்டர். சிங்கப்பூரிலேயே உயரமான இயற்கைக் குன்று. நான் திருச்சிக்காரி, மலைக்கோட்டையை ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கினால் இந்த உயரம்தான் வரும், இதெல்லாம் ஒரு மலையா என்ற இளக்காரத்தோடு போனேன். தார் போட்ட சாலைதான், ஆனால் தொடக்கத்திலேயே நெஞ்சில் முட்டுகிற மாதிரி செங்குத்து. பத்தே நிமிடத்தில் இளக்காரம் போய்விட்டது. ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டியைப் பிடுங்கும் என்பது அப்புறம் தெரிந்தது.

குரங்கு விஷயத்துக்கு வருகிறேன். நீளவால் குரங்குகள் அங்கே சாலை ஓரத்திலேயே உட்கார்ந்திருக்கும். உணவு கொடுக்காதீர்கள் என்று பலகை இருக்கிறது, கொடுத்தால் அபராதம் என்பதும் எனக்குத் தெரியும். நான் கொடுக்கவில்லை. ஒரு முறுக்கை எடுத்து வாயில் வைத்தேன், அவ்வளவுதான். பிளாஸ்டிக் சரசரக்கும் சத்தம் கேட்டாலே அவற்றுக்குச் சாப்பாடு என்று பொருளாம். அங்கே தினமும் நடக்கும் ஒருவர் பிறகு சொன்னார். பெரிய கடுவன் ஒன்று இறங்கி வந்து துணிப்பையின் காதைப் பிடித்தது. நான் விடவில்லை. அது பல்லைக் காட்டியது. நானும் பயத்தில் இளித்துவிட்டேன் போலிருக்கிறது. அதற்கு அது சவால் மாதிரி தெரியுமாம். இன்னொன்று பின்னால் வந்து பாவாடையை இழுத்ததும் கை தானாக விட்டுவிட்டது. பை மரத்துக்கு மேலே போயிற்று. முறுக்கைத் தின்றுவிட்டுப் பவர் பேங்கைக் கடித்துப் பார்த்ததைக் கீழேயிருந்து பார்த்துக்கொண்டே நின்றேன். 68 வெள்ளி லென்ஸ், 45 வெள்ளி பவர் பேங்க், இரண்டும் சரிவுப் புதருக்குள் எங்கேயோ விழுந்தன. இறங்கித் தேட அனுமதியும் இல்லை, தைரியமும் இல்லை. போகிறவர்கள் தயவுசெய்து பிளாஸ்டிக் பையைக் கையில் எடுக்காதீர்கள், எல்லாவற்றையும் ஜிப் வைத்த முதுகுப்பைக்குள் போடுங்கள், நடக்கும்போது தின்னாதீர்கள். பிடித்து இழுத்தால் விட்டுவிடுங்கள். முறுக்குக்காகக் கடி வாங்கினால் ஊசி போடவேண்டி வரும்.

அப்போதே திரும்பியிருக்க வேண்டும். கோபம், அதோடு பிடிவாதம். உச்சிக்குப் போய்விட்டு, இறங்கும்போது பக்கத்துப் பாதை ஒன்றில் திரும்பினேன். ஒன்றரை மணி நேரம் தேடியிருப்பேன். பாதையை விட்டு இறங்கக் கூடாது, அதனால் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து சருகைப் பார்ப்பதுதான் தேடல். கிடைத்தவை எல்லாம் ஓடுகள், அதுவும் காலியானவை. ஐந்து எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன், மகனுக்கு இதுவாவது இருக்கட்டும் என்று. பிறகு ஒரு சருகின் அடிப்பக்கத்தில் உயிரோடு ஒன்று. மிளகைவிடச் சின்னது. விரலை நீட்டியதும் தயங்கித் தயங்கி ஏறியது. ஓடு கண்ணாடி மாதிரி, உள்ளே கறுப்பாக ஏதோ நகர்வது தெரிந்தது. முன்னால் நான்கு கொம்பு, நீளமான இரண்டின் நுனியில் ஊசி முனை அளவுக்குக் கண். மூச்சுக் காற்று பட்டதும் ஒரு கொம்பை மட்டும், கையுறையின் விரல் உள்பக்கமாகத் திரும்புவதுபோல, தனக்குள்ளேயே இழுத்துக்கொண்டது. மற்றது வெளியே நின்று என்னைப் பார்த்தது. லென்ஸ் இல்லை. படமும் இல்லை. அன்று எனக்கு நடந்த ஒரே நல்ல விஷயம் அதுதான், அதைச் சருகிலேயே விட்டேன்.

எழுந்து நிற்கும்போதுதான் அறிவிப்புப் பலகை கண்ணில் பட்டது. வனப்பகுதியிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. கைப்பேசியில் சட்டத்தைத் தேடினால் வயிறு கலங்கியது: இயற்கை வனப்பகுதியில் அனுமதியில்லாமல் செடியையோ உயிரினத்தையோ பிடித்தால், எடுத்தால், 50,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். காலி ஓடும் இதில் சேருமா என்று யோசித்துக்கொண்டு நிற்கிற துணிச்சல் எனக்கில்லை. ஐந்தையும் எடுத்த இடத்தில் வைக்கத் திரும்பி நடந்தேன். பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், காலி ஓடு குப்பையில்லை என்று பிறகு படித்தேன். நத்தைக்கு ஓடு வளர்க்கச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். செத்துப்போன நத்தையின் ஓட்டை உயிரோடு இருக்கும் நத்தை அரித்துத் தின்னும். பிள்ளைக்கு நினைவுப்பொருள் என்று நான் முடிந்துகொண்டது அவற்றின் சாப்பாடு.

அந்தத் திரும்பி நடந்ததில் இருபது நிமிடம் போனது. மழை பிடித்துக்கொண்டது. சிங்கப்பூர் மழை எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம், வாளியால் கொட்டுவதுதான். இடி வேறு. மரத்தடியில் ஒதுங்கக் கூடாது என்று தெரிந்தும், சுற்றிலும் மரம்தானே, எங்கே ஒதுங்குவது? குடை காற்றில் ஒருமுறை மல்லாந்தது, கம்பி போயிற்று. ஈரமான வேர் ஒன்றில் தேய்ந்த காலணி வழுக்கி, வலது கால் உள்பக்கமாக மடங்கியது. சத்தம் கேட்டது. எலும்பு என்றே நினைத்தேன்.

அங்கே உட்கார்ந்திருந்த கால் மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் கை சில்லிடுகிறது. கைப்பேசியில் ஒன்பது சதவீதம் மின்சாரம். கணவர் எடுக்கவில்லை. நான் எந்தப் பாதையில் இருக்கிறேன் என்று யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. நகரத்துக்கு நடுவே இருக்கிறேன், தூரத்தில் விரைவுச்சாலை இரைச்சல் கேட்கிறது, ஆனால் ஒரு ஆள் இல்லை. இங்கே சூரியன் ஏழு மணி வாக்கில் மறையும் என்பதை நம்பி நேரத்தைக் கணக்குப் போட்டிருந்தேன். மரக்கூரைக்குக் கீழே, மேகமும் சேர்ந்தால், ஆறே காலுக்கே எழுத்துப் படிக்க முடியாது. வனப்பகுதி காலை ஏழு முதல் மாலை ஏழு வரைதான். அதற்குமேல் உள்ளே இருப்பதும் தப்பு. நத்தையோ இரவில் ஊர்வது, ஒளிர்வதும் இருட்டில்தான். ஏழு மணிக்கு மூடும் இடத்தில் ஒளிரும் நத்தையைப் படம் எடுக்கப் போயிருக்கிறேன் என்பது அந்தச் சேற்றில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. அழுகையும் வந்தது, நடுவில் சிரிப்பும் வந்தது.

அவசர உதவி எண் 995ஐ அழைத்திருக்க வேண்டும். காலை ஊன்ற முடியாமல், தனியாக, இருட்டும் நேரத்தில் மாட்டிக்கொண்டால் கூச்சப்படாமல் அழையுங்கள். நான் கூச்சப்பட்டேன். "நத்தை பார்க்க வந்தேன்" என்று சொல்ல வேண்டுமே என்ற ஒரே காரணத்துக்காக, கம்பி உடைந்த குடையை ஊன்றி, டார்ச்சை வாயில் கவ்வி, படிக்குப் படி உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். சாலைக்கு வந்தபோது மேலிருந்து கடைசியாக இறங்கிய ஒரு சீனத் தம்பதி பார்த்துவிட்டு இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டார்கள். கீழே இருந்த ஊழியர் ஒருவர் நாற்காலி போட்டு, பனிக்கட்டிப் பொட்டலம் கொடுத்து, டாக்சியும் பிடித்துக் கொடுத்தார். அபராதம் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்களுக்கு நன்றி.

கணக்கு இதோ. அவசரப் பிரிவு, எக்ஸ்ரே, கட்டு, மாத்திரை 173. பிறகு பலதுறை மருந்தகத்தில் மறுமுறை காட்டியது 32. டாக்சி இரண்டு தடவை 43. லென்ஸ் 68, பவர் பேங்க் 45, டார்ச் 39, குடை 12. கூட்டிப் பாருங்கள், 412. எலும்பு முறியவில்லை, தசைநார் கிழிசல். நான்கு நாள் எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு. கணக்காளருக்கு டிசம்பர் கடைசியில் நான்கு நாள் எம்சி என்றால் மேலாளர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று தெரியும்தானே. ஆறு வாரம் நொண்டினேன்.

அம்மா லால்குடியிலிருந்து அழைத்தபோது விஷயத்தைச் சொன்னேன். "ஏண்டி, நம்ம வயல்ல இல்லாத நத்தையா? கூடை கூடையா அள்ளி அவிச்சுத் தின்னிருக்கோம், அதைப் பார்க்கவா டிக்கெட் எடுத்துப் போனே?" என்றார். டிக்கெட் கிடையாது, இலவசம் என்றதும் இன்னும் கோபம். அம்மா சொல்வது வயலில் நீரில் வாழும் நத்தை, அது வேறு. ஆனால் தின்பது பற்றி வந்ததால் சொல்லிவிடுகிறேன். வெறும் கையால் நத்தையைத் தொட்டேன் என்று மருத்துவரிடம் சொன்னபோது அவர் கை கழுவினீர்களா என்றுதான் முதலில் கேட்டார். எலி நுரையீரல் புழு என்று ஓர் ஒட்டுண்ணி. எலியின் கழிவிலிருந்து நத்தைக்குப் போகும், நத்தையைச் சரியாக வேகாமல் தின்றாலோ, சின்ன நத்தை ஒட்டிய கீரையைக் கழுவாமல் பச்சையாகத் தின்றாலோ மனிதருக்கு வந்து மூளையுறையைத் தாக்கும். ஊரெல்லாம் திரிகிறதே பெரிய ஆப்பிரிக்க நத்தை, அது இந்தப் புழுவைச் சுமப்பதில் பேர்போனது. இந்தியாவுக்கு அந்த நத்தை வந்த கதையும் வேடிக்கைதான்: 1847ல் பென்சன் என்ற நத்தை ஆர்வலர் மொரிசியஸிலிருந்து உயிரோடு கொண்டுவந்து கல்கத்தாவில் விட்டார், இன்று சென்னை வரை முருங்கையைத் தின்கிறது. குழந்தைகளை விளையாட விடாதீர்கள், தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

கால் சரியாகும்வரை படுத்துக்கொண்டு படித்தேன், வேறு வேலை? அப்போது தெரிந்ததுதான் எனக்கு விழுந்த பெரிய அடி. புக்கிட் தீமா கருங்கல் குன்று. மண் அமிலத்தன்மை உடையது, சுண்ணாம்பு குறைவு. காடு எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் நத்தைக்கு அது பஞ்சப் பிரதேசம் மாதிரி. நத்தை கொழிப்பது மலேசியாவில் இருக்கும் சுண்ணாம்புக்கல் குன்றுகளில். இந்த ஊரிலோ, நாம் சிமெண்டு பூசி வைத்திருக்கிற சுவர், வாய்க்கால் ஓரம், பூந்தொட்டி அடி, நனைந்த அட்டைப்பெட்டி, இவைதான் அதற்குச் சொர்க்கம். குவாண்டுலாவும் அப்படித்தான். தோட்டம், பூங்கா, கைவிட்ட நிலம் என்று மனிதர் புழங்கும் இடங்களில் நன்றாகவே வாழ்கிறது.

நடுவில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொண்டேன். இந்தப் பகுதிக் காடுகளில் அம்ஃபிட்ரோமஸ் என்று அழகான மர நத்தைகள் உண்டு. அதில் சில இனங்களில் இடப்பக்கம் சுழிப்பதும் வலப்பக்கம் சுழிப்பதும் ஒரே மரத்தில் இருக்கும். நம் வலம்புரிச் சங்கை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன், எல்லாம் தலைகீழாக வந்தது. காரணம், நாம் வலம்புரி என்பதை விலங்கியலில் இடச்சுழி என்கிறார்கள். கூர்முனை மேலே, வாய் உங்களைப் பார்க்கும்படி ஓட்டைப் பிடியுங்கள். வாய் வலது பக்கம் இருந்தால் அவர்கள் கணக்கில் வலச்சுழி. பெரும்பாலான நத்தைகள் இந்த ரகம்தான்.

பிப்ரவரியில் ஒருநாள் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்குக்குப் பின்னால் இருக்கும் சமூகத் தோட்டத்தில், கீரை போடும் ஓய்வுபெற்ற தமிழர் ஒருவரிடம் சும்மா கேட்டேன். "நத்தையா? என் கீரைக்கு எமனே அதுதானம்மா. பெருசு தனி, தட்டையா வட்டமா ஒரு சின்னது தொட்டிக்கு அடியில இருக்கும், ராத்திரி வாங்க காட்டுறேன்" என்றார். மழை பெய்து ஓய்ந்த ஓர் இரவு எட்டரைக்கு மகனோடு போனேன். தோட்டம் காட்டிலிருந்து மூன்று நிமிட நடைகூட இல்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் அது மின்தூக்கியிலிருந்து மூன்று நிமிட நடை.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு: மழைக்குப் பிறகு போங்கள். தெருவிளக்கு படாத மூலையாக இருக்கட்டும். டார்ச் அடித்து நத்தையைக் கண்டுபிடித்ததும் அணைத்துவிட்டு, கைப்பேசியையும் பைக்குள் போட்டுவிட்டுக் கால் மணி நேரம் கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். வளர்ந்த நத்தையைவிடக் குட்டிகளைப் பாருங்கள், அவைதான் நன்றாக ஒளிரும். தொடர்ந்து எரியாது, விட்டு விட்டுத்தான். ஓடு அல்ல, வாய்க்குக் கீழே இருக்கும் சதையிலிருந்து வரும். கொசு கடிக்கும், மருந்து பூசிக்கொள்ளுங்கள். கைப்பேசிப் படத்தில் விழாது, லென்ஸ் வாங்கிக் காசைக் கரியாக்காதீர்கள்.

பத்து நிமிடம் ஒன்றுமில்லை. மகன் நெளிந்தான். பிறகு தொட்டி விளிம்பில், உளுந்தளவு நத்தையின் முன்பக்கத்தில், பச்சையாக ஒரு புள்ளி வந்து போனது. கண் ஏமாற்றுகிறதோ என்று நினைப்பதற்குள் மறுபடியும். அப்புறம் பக்கத்துத் தொட்டியிலும் ஒன்று. நாங்கள் இருவரும் மூச்சுவிடாமல் எண்ண ஆரம்பித்தோம். பெரியவர் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். நாற்பது வருடமாக இந்த மண்ணில் தோட்டம் போடுகிறவர், அன்றுவரை அவரும் பார்த்ததில்லை. ஏனென்றால் அவர் எப்போதும் டார்ச்சோடுதான் வருவார்.

"இந்தத் தொட்டிக்கு மட்டும் இனி மருந்து வைக்கல" என்றார். சற்று நேரம் கழித்து, "பெரிய நத்தைக்கு வைப்பேன்" என்றும் சொன்னார்.